மலையிலிருந்து பொழிமுகம் வரை: குமரி மாவட்டத்தில் ஐந்து நாள்

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைப் பாசனத்துக்காக ஜூன் 1-ஆம் தேதி திறப்பார்கள். பிப்ரவரி 28-ஆம் தேதி அடைப்பார்கள். மழையைப் பொறுத்து சில நாள் முன்பின் ஆகலாம், ஆனால் வழக்கம் இதுதான். நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெல் பட்டங்களும் இந்த ஒன்பது மாதத்துக்குள் அடங்கும். மனிதர் தம் வயலுக்காக வைத்த இந்தக் கணக்கில்தான் நத்தையும் நாரையும் இறாலும் தங்கள் பிழைப்பைப் பொருத்திக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பயணம் பிப்ரவரி இரண்டாம் வாரம். வலசைப் பறவைகள் இன்னும் கிளம்பவில்லை. ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கிறது. பங்குனி ஆமை கரையேறுகிறது. அணை அடைக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஐந்து நாளும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே எது எப்போது நடக்கிறது? சரணாலயம் என்று பலகை வைத்து இடத்தைக் காப்பதில் நமக்கு அக்கறை உண்டு. அந்த இடத்தில் நீர் எந்த வாரம் ஏற வேண்டும், எந்த வாரம் இறங்க வேண்டும் என்பதில் அந்த அக்கறை இல்லை. குமரியில் இழப்பு பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

நாள் 1: கீரிப்பாறை, காளிகேசம்

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை. அதற்கு மேல் காளிகேசம் போக வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மலையில் மழை என்றால் போகவே வேண்டாம், ஓடையில் வெள்ளம் நிமிடக்கணக்கில் ஏறிவிடும்.

வழியெல்லாம் ரப்பர். இந்த மாதத்தில் மரங்கள் இலை கொட்டி, செம்பு நிறத் துளிரோடு நிற்கும். பார்க்க அழகுதான். காட்டுக்கும் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடும் இப்போதுதான் பளிச்சென்று தெரியும். தோட்டத்தில் எல்லா மரமும் ஒரே வயது. ஒரே வாரத்தில் இலை உதிர்வதால் தரை முழுக்க ஒரே நேரத்தில் வெயில் படுகிறது. பக்கத்துப் பசுமைமாறாக் காட்டில் ஒரு மரம் உதிர்க்கும்போது இன்னொன்று துளிர்க்கும், மூன்றாவது காய்த்து நிற்கும். பழம் தின்னும் பறவைக்கும் குரங்குக்கும் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு மரம் சோறு போட வேண்டும். அந்த வரிசையில் இரண்டு மாதம் பட்டினி விழுந்தால் போதும், மற்ற பத்து மாதம் எவ்வளவு காய்த்தாலும் அந்தக் கூட்டம் அங்கே நிலைக்காது.

இருவாச்சி நல்ல எடுத்துக்காட்டு. ஆண்டின் முதல் மாதங்களில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் அளவு இடுக்கு மட்டும் மிச்சம் இருக்கும். அது வழியாக ஆண் பழம் ஊட்டும். இப்படி மாதக்கணக்கில் நடக்கும். இதற்கு உடற்பகுதியில் பொந்து விழுந்த முதிர்ந்த பெருமரம் வேண்டும். ரப்பரை ஏழாம் ஆண்டு வாக்கில் வெட்டத் தொடங்கி, இருபத்தைந்து முப்பது ஆண்டில் முறித்து மறுநடவு செய்துவிடுகிறார்கள். பொந்து விழும் வயது அந்த மரத்துக்கு வருவதே இல்லை. ரப்பர்த் தோட்டத்தைப் பச்சையாக இருக்கிறது என்பதற்காகக் காட்டுக் கணக்கில் எழுதக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனாலும் வெட்டவெளியை விட அது மேல். யானையும் மிளாவும் ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொன்றுக்கு அதன் ஊடே நடக்க முடியும், ஓடைக் கரையில் இருபது முப்பது மீட்டர் அகலத்துக்கு நாட்டு மரங்களை விட்டு வைத்திருந்தால். அந்த ஓடைக்கரைப் பட்டையைத் தோட்டக்காரர்கள் கைவிடாமல் இருப்பது பெரிய உதவி.

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல் இந்த மலைச்சரிவில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. கவிகை உடைந்து வெயில் தரையைத் தொட்ட இடங்களில் முதலில் எழுந்தவை வட்டக்கண்ணி போன்ற வெயில் விரும்பிகள். இவை சீக்கிரம் வளரும், சீக்கிரம் சாகும். இவற்றின் நிழலில்தான் மெதுவாக வளரும் காட்டு மரங்களின் கன்று மேலே வரும். அகத்தியமலைத் தொகுதிக்கே உரிய செங்குறிஞ்சி அந்த மெதுவான இனங்களில் ஒன்று. ஆக, புயல் திறந்த வெளி காயம் போலத் தெரிந்தாலும், பக்கத்தில் தாய்மரம் நின்றால் தானாக மூடிக்கொள்ளும். நாம் கன்று நட ஓடுவது அங்கே வீண் செலவு.

எங்கே கெடுகிறது? காட்டின் ஓரத்தில். அங்கே வட்டக்கண்ணிக்கு முன்பே உண்ணிச்செடி வந்து உட்கார்ந்துவிடும். சின்னான் குருவி அதன் பழத்தைத் தின்று விதையை எச்சமிட்டுப் பரப்புகிறது. அடர்ந்த புதருக்கு அடியில் மற்ற விதை முளைக்க ஒளி கிடையாது. இதை அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அதிகக் கிளை வெடிக்கும். பணம் செலவழித்துப் புதரை அடர்த்தியாக்கிய கதைதான். சரியான முறை: காய் பழுக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, வேர்க்கழுத்துக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் முதன்மை வேரை மண்வெட்டியால் அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேர் வானத்தைப் பார்த்துக் காய்ந்துவிடும். அதோடு முடியாது. மண்ணில் கிடக்கும் விதை முளைக்க முளைக்க, குறைந்தது மூன்று மழைக்காலம் வந்து கையால் பிடுங்க வேண்டும். முதலாண்டுக்கு மட்டும் பணம் ஒதுக்கும் திட்டங்கள் எல்லாம் தோற்பது இந்த இடத்தில்தான்.

மேலே தெரியும் பாறைமுகடுகளில் வரையாடு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த இனம் வாழும் தெற்கு எல்லை இந்தப் பக்கத்து மலைகள்தாம். தமிழ்நாட்டில் 2024-இல் நடந்த கணக்கெடுப்பு 1,031 என்றது, 2025-இல் 1,303. இடைப்பட்ட 272-ஐ அப்படியே பிறப்பு என்று படித்துவிடக் கூடாது. அன்று மேகம் இருந்ததா, எத்தனை பாறைமுகங்களை எண்ணினார்கள், கூட்டம் எந்தச் சரிவில் மேய்ந்தது என்பதெல்லாம் எண்ணுக்குள் கலந்திருக்கும். மொத்த எண்ணைவிட அது எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்பது முக்கியம். பத்து முகட்டில் பத்துப் பத்தாக நிற்கும் நூறு ஆடும், ஒரே தொடரில் நிற்கும் நூறு ஆடும் ஒன்றல்ல. பத்து ஆட்டுக் கூட்டத்தில் ஓர் ஆண்டு எல்லாம் கடாக்குட்டியாகப் பிறந்தாலே போதும், அந்த முகடு காலியாகத் தொடங்கும்.

நாள் 2: தேரூர், சுசீந்திரம்

காலை ஆறரைக்குள் குளக்கரையில் இருக்க வேண்டும். கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் நிறம் சரியாகத் தெரியும். மேற்கிலிருந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழல்தான். நாகர்கோவில்–கன்னியாகுமரி சாலையை ஒட்டியே சுசீந்திரம் குளம் கிடப்பதால் பலர் பேருந்தை விட்டு இறங்கிய இடத்திலேயே பார்த்துவிட்டுப் போகிறார்கள். தேரூர்ப் பக்கம் உள்ளே போவது நல்லது.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஏறத்தாழ 94 ஹெக்டேர். அதே ஆண்டு சேர்ந்த வேம்பனூர் சுமார் 20 ஹெக்டேர்தான். பரப்பு சிறிது என்று எண்ண வேண்டாம். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே இறங்கும் பறவைக்கு இந்தியப் பெருநிலம் முடியும் இடம் இது. இதற்கப்பால் கடல்.

முதலில் எண்ணும் முறை. கூட்டத்தைக் கண்டதும் தலை தலையாக எண்ணத் தொடங்கினால் பாதியில் பறந்துவிடும். பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டத்தை அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதலாம். நீர்க்காகம், முக்குளிப்பான் போன்றவற்றில் ஒரு பங்கு எப்போதும் நீருக்கடியில் இருக்கும். எனவே ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நின்று அதிகபட்ச எண்ணை எடுக்க வேண்டும். தேரூரையும் சுசீந்திரத்தையும் ஒருவரே அடுத்தடுத்து எண்ணினால் இங்கே பார்த்த நாரையை அங்கேயும் எழுதிவிடுவார். இரண்டு குழு, ஒரே நேரம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. ஆண்டுதோறும் அதே மாதம், அதே கரை, அதே முறை என்பதால்தான் அந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது.

குளத்தை மேலிருந்து பார்க்காமல் ஆழத்தால் பார்க்கப் பழகுங்கள். கரையோரச் சேற்றிலும் கணுக்கால் அளவு நீரிலும் உள்ளான். முழங்கால் அளவில் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன். தாமரை இலைமேல் இலைக்கோழி. கோரைக்குள் நீலத் தாழைக்கோழி. இடுப்பளவுக்கு மேல் திறந்த நீரில் கூழைக்கடா, நீர்க்காகம், நாமக்கோழி. எந்த ஆழம் குளத்தில் இல்லாமல் போகிறதோ அந்த ஆழத்துப் பறவை அந்த ஆண்டே காணாமல் போகும். துப்பாக்கி வேண்டியதில்லை.

நத்தைகுத்தியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதன் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி நிற்கும். அது நத்தையை உடைக்கும் பாக்குவெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தலையை நீருக்குள் விட்டு, மேல் அலகால் நத்தையைச் சேற்றோடு அழுத்திப் பிடிக்கிறது. கீழ் அலகின் கூர்நுனி கத்திபோல மூடிக்குள் நுழைந்து, சதையை ஓட்டோடு கட்டியிருக்கும் தசையை அறுக்கிறது. தலை குலுங்குவது மட்டும்தான் நமக்குத் தெரியும். தலை வெளியே வரும்போது வெறும் சதை. ஓடு முழுசாகச் சேற்றில் கிடக்கும். கரையில் வெறும் நத்தை ஓடுகள் உடையாமல் ஒதுங்கிக் கிடந்தால் இந்த நாரை அங்கே நன்றாக மேய்கிறது என்று பொருள்.

அந்த நத்தையின் பிழைப்பும் நீர் இறங்கும் வேகத்தைப் பொறுத்தது. மார்ச்சில் குளம் மெல்ல வற்றும்போது அது சேற்றுக்குள் இறங்கி, மூடியை இறுக்கிக்கொண்டு கோடையைத் தூங்கிக் கழிக்கும். ஜூனில் வாய்க்கால் நீர் வந்ததும் எழும். மீன் குத்தகைக்காக நான்கே நாளில் மடையைத் திறந்து குளத்தை வறட்டினால் நத்தை மேலேயே மாட்டிக்கொண்டு காய்ந்து சாகும். உள்ளானுக்கும் அதே இழப்பு. பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் அவை வடக்கே பறக்கக் கொழுப்புச் சேர்க்கும் காலம். நீர் நாளுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டராக இறங்கினால் தினம் ஒரு புதுச் சேற்றுப் பட்டை, தினம் புதுப் புழு. ஒரே வாரத்தில் இறங்கினால் மூன்று நாள் விருந்து, பிறகு வெடித்த தரை. அணை அடைத்த பிறகு மடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள் என்று கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. பணச் செலவு இல்லாத பாதுகாப்பு அது.

கோடையில் குளம் வற்றுவதையே கேடு என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. வற்றும்போது சேற்றில் காற்று புகுந்து, மக்கிய கழிவு சிதைகிறது. ஜிலேபிக் கெண்டை மொத்தமாகக் குறைகிறது. தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால் அது மற்ற மீனைவிட வேகமாகப் பெருகும். வற்றாத குளத்தில் நாட்டுக் கெண்டைக்கு இடமே விடாது. ஆகாயத்தாமரையும் காய்கிறது.

ஆகாயத்தாமரையின் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வெயிலும் சாக்கடைச் சத்தும் கிடைத்தால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இரட்டிக்கும். ஒரு சென்ட் பரப்பில் இருப்பது பதினான்கு வாரத்தில் 128 சென்ட், அதாவது ஓர் ஏக்கருக்கு மேல். அந்த 128 சென்ட்தான் குளம் என்றால், பன்னிரண்டாம் வாரம் பார்க்கும்போது அதில் பாதி திறந்திருக்கும். ‘இன்னும் மோசமாகவில்லை’ என்று தோன்றும். அடுத்த இரண்டு வாரத்தில் மூடிவிடும். ஒரு சென்டாக இருக்கும்போது நான்கு பேர் ஒரு காலையில் அள்ளிவிடலாம். பூக்கும் முன் அள்ள வேண்டும், ஏனென்றால் விதை சேற்றில் பல ஆண்டு உறங்கும். அள்ளியதைக் கரையிலேயே போடக் கூடாது. அடுத்த மழையில் மறுகால் வழியாகக் கீழ்க்குளத்துக்கு அதுவே நாற்றாகப் போகும். செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு டன் அள்ளினால் காய்ந்தபின் நூறு கிலோகூடத் தேறாது. எனவே முதலில் மேட்டில் பரப்பிக் காயவிட்டு, பிறகு வண்டியில் ஏற்றினால் வாடகை மிச்சம்.

தாமரை வேறு விஷயம். அது இந்தக் குளங்களின் வருமானம். தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிறது. இலைக்கோழிக்கு அதுதான் தரை. மிதக்கும் இலைகளின்மேல் நான்கு முட்டை. நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பது ஆண்தான், பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். ஆனால் குத்தகைக்காரர் கரைக்குக் கரை தாமரை போட்டால் அடியில் ஒளி போகாது, வேலம்பாசி அழுகும், நீர்க்காகத்துக்கும் தாராவுக்கும் இறங்க இடம் இருக்காது. திறந்த நீரும் செடியும் ஏறத்தாழ சரிபாதியாக, திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும் குளத்தில்தான் பறவை வகை மிகுதியாக இருக்கும். குத்தகை ஒப்பந்தத்தில் ‘பாதி நீர் திறந்திருக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால் பூவும் கிடைக்கும், பறவையும் இருக்கும்.

தூர்வாரும்போதும் இதே ஆழக் கணக்குதான். பொக்லைன் கொண்டு கரையோரம் செங்குத்தாக வெட்டி, சுற்றி நடைபாதை போட்டால் குளம் அதிகத் தண்ணீர் பிடிக்கும். முழங்கால் ஆழம் என்ற ஒன்றே இல்லாமல் போகும். நடுவில் ஆழம் எடுங்கள். கரையிலிருந்து உள்ளே குறைந்தது ஐந்தடிக்கு ஓரடி சரிவு விடுங்கள். கோரையும் தாழையும் உள்ள ஒரு பக்கத்தைத் தொடாமல், பாதிக் குளம் இந்த ஆண்டு, மீதி அடுத்த ஆண்டு என்று செய்யுங்கள்.

நாள் 3: புத்தளம் உப்பளம், மணக்குடி பொழி

புத்தளத்தில் அதிக நேரம் வேண்டாம். கடல்நீர் முதலில் வந்து நிற்கும் பாத்திகளில் புழுவும் பூச்சியும் உண்டு, பறவையும் உண்டு. உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் எதுவும் இல்லை. வரப்பில் ஒரே சீராக நடந்தால் பறவை ஒதுங்கும், பறக்காது. நின்று திரும்பினால்தான் கிளம்பும்.

மணக்குடியில் பழையாறு கடலைச் சேருகிறது. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் இடையில் இருந்த பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது. இங்குள்ள அலையாத்திகளைக் காட்டி ‘அடுத்த சுனாமியை இது தடுக்கும்’ என்று சொல்கிறார்கள். இந்த அளவுத் திட்டுகளால் அவ்வளவு பெரிய அலையைத் தடுக்க முடியாது. கரை அரிப்பைத் தடுப்பதும் மீன்குஞ்சை வளர்ப்பதும் அவற்றின் வேலை. அதற்காகவே காக்கத் தகுந்தவை.

இங்கே எல்லாம் பொழியை, அதாவது ஆறு கடலில் கலக்கும் வாயைப் பொறுத்தது. ஆற்றில் நீர் குறையும் மாதங்களில் அலை மணலை வாயில் குவித்துப் பொழியை அடைத்துவிடும். மழை வந்து ஆறு நிறைந்தால் அது தானாக முறியும், அல்லது தாழ்ந்த வீடுகளுக்குள் நீர் ஏறும் முன் ஆளோ இயந்திரமோ வைத்து முறிப்பார்கள்.

பொழி அடைந்தால் முதலில் அடி வாங்குவது இறால். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். நகக்கண் அளவுக்கும் சிறிய குஞ்சு நீரோட்டத்தோடு உப்பங்கழிக்குள் வந்து, அலையாத்தி வேர்களுக்கிடையில் மூன்று நான்கு மாதம் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்குப் போகும். குஞ்சு வரும் வாரங்களில் வாசல் மூடியிருந்தால் அந்த ஆண்டு இறால் தலைமுறையே இல்லை. வளர்ந்தது வெளியேறும் வாரங்களில் மூடியிருந்தால் உள்ளே வலைக்குத் தீனி. மடவையும் கொடுவாவும் இதே வழியில்தான் போய் வருகின்றன. ஆகவே பொழியை முறிக்கும் நாளை வீட்டு வாசல் வெள்ளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், குஞ்சு வரும் பருவத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எந்த மாதம் குஞ்சு ஏறுகிறது என்று கழியில் வலை வீசுகிறவர்களைக் கேட்டால் தெரிந்துவிடும்.

இரண்டாவது அடி அலையாத்திக்கு. வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் போல மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சுவேர்கள். அடியில் உள்ள சேற்றில் காற்றே கிடையாது. மேலே நிற்கும் இந்த வேரின் நுண்துளைகள் வழியாக நீர் வற்றும் நேரத்தில் காற்றை இழுத்து, அடிவேருக்கு அனுப்புகிறது. தினமும் சில மணி நேரம் மூழ்குவது அதற்குப் பழக்கம். பொழி அடைந்து, ஆற்று நீர் தேங்கி, வாரக்கணக்கில் மூச்சுவேர் முழுக்க மூழ்கிக் கிடந்தால் மரம் நின்றபடியே செத்துப்போகும். இலை மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்து நோய் என்று மருந்து தேடுவது வீண். வேரில் நீர்மட்டக் கறை எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள்.

நடவு செய்பவர்களுக்கு: சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கும். காய்க்கும் தண்டுக்கும் நடுவே மஞ்சள் வளையம் தெரிந்தால் முற்றிவிட்டது; லேசாகத் திருகினால் கழன்று வரும். பலமாக இழுத்து வந்தது பிஞ்சு, அது பிடிக்காது. பூச்சித் துளை உள்ளதை ஒதுக்கிவிட்டு, கூர்ப்பக்கம் கீழாக, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போகும்படி செருக வேண்டும். இடைவெளி ஒன்று முதல் ஒன்றரை மீட்டர். தலைகீழாக நட்டு அந்த வரிசை முழுவதும் போன இடங்கள் உண்டு. மொட்டு உள்ள பக்கம் எது என்று ஆட்களுக்கு முதலில் கையில் எடுத்துக் காட்டுங்கள்.

நட வேண்டிய மட்டம்தான் கடினம். இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அலையாத்தி வாழ்வது சராசரி கடல்மட்டத்துக்கும் ஓதம் ஏறும் உச்சிக்கும் நடுவே மட்டும். ஆகவே செங்குத்தாக அளந்தால் ஓரிரு சாண் உயரம்தான் நமக்குக் கிடைக்கும். அதற்குக் கீழே, காலியாகக் கிடக்கிறதே என்று சேற்றுத்திட்டில் நட்டால் கன்று மூழ்கிச் சாகும். அதோடு உள்ளான் மேயும் சேறும் கெடும். நடும் முன் கம்பு ஊன்றி, பதினைந்து நாள் ஓதக் கறையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தானாக முளைத்த கன்று எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதுதான் சரியான மட்டம். முதல் ஆண்டில் கொட்டலசு போன்ற ஓட்டுயிர்கள் தண்டில் ஒட்டினால் கையால் உரிக்கலாம், கத்தி வைக்கக் கூடாது. பாசிக் கயிறும் நெகிழிப் பையும் சுற்றிக் கன்றைச் சாய்ப்பதுதான் இங்கே பெரிய சேதம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆள் இறங்கி எடுத்தாக வேண்டும்.

கழியில் கதம்பல் (தேங்காய் மட்டை) ஊறப்போடும் இடங்களில் சேறு கன்னங்கரேலென்று இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும். மட்டை அழுகும்போது நீரில் உள்ள உயிர்வளி தீர்ந்துபோய் கந்தக வாயு உண்டாகிறது. அந்தச் சேற்றைக் கிண்டினால் புழுவோ சிப்பியோ கிடைக்காது. கயிற்றுத் தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை. ஓட்டம் உள்ள முகப்பில் ஊறப்போடாமல், தனிக் குட்டை கட்டி ஊறப்போட்டால் சேதம் அந்தக் குட்டையோடு நிற்கும்.

நாள் 4: சொத்தவிளை, சங்குத்துறை

மணல் அகலமாகக் கிடக்கும் கரைகளில் இது ஆமைப் பருவம். விடிவதற்குள் நடந்தால் தடம் தெரியும். முக்கால் மீட்டர் அகலத்தில், இடதும் வலதும் மாறி மாறித் துடுப்பு பதிந்திருந்தால் பங்குனி ஆமை.

முட்டை நூற்றுக்கு மேல் இருக்கும். நாய் தோண்டும் கரையாக இருந்தால் பொரிப்பகத்துக்கு மாற்றலாம். இட்ட சில மணி நேரத்துக்குள். கரு உள்தோலில் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் கரு அறுந்து சாகும். எடுத்தவாறே, மேல்பக்கம் மேலாகவே கூடையில் வைத்து நடந்து போக வேண்டும்; இருசக்கர வண்டியில் குலுக்கிக்கொண்டு போகக் கூடாது. குழி குடுவை வடிவில், 45 சென்டிமீட்டர் ஆழம், கழுத்து குறுகி, அடி அகன்று இருக்க வேண்டும். கூட்டுக்குக் கூடு ஒரு மீட்டர். சென்ற ஆண்டு பயன்படுத்திய அதே மணலில் மீண்டும் வைத்தால் பூஞ்சை வரும், இடத்தை மாற்றுங்கள்.

45 முதல் 60 நாளில் பொரியும். நடு மூன்றில் ஒரு பங்கு நாட்களின் மணல் சூடு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேல் பெண் மிகும், கீழே ஆண் மிகும். 34-ஐ நெருங்கினால் கூடே வேகும். முட்டை ஆழத்தில் வெப்பமானி வைத்து, மார்ச் கடைசிக்குப் பிறகு ஓலை நிழல் போடுவது அதனால்தான். குஞ்சை வாளியில் சேர்த்து வைத்துக் காலையில் படம் எடுத்து விடுவது பெரும் தவறு. மணலிலிருந்து எழுந்த முதல் சில மணி நேரத்தின் வேகத்தில்தான் அது கரையோர மீன்களைத் தாண்டும். எழுந்த இரவே, நீரிலிருந்து சில மீட்டர் தள்ளி மணலில் விட்டு, தானாக நடந்து இறங்கவிட வேண்டும்.

பொரிப்பகம் மட்டும் இந்த இனத்தைக் காப்பாற்றாது. ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து திரும்பும் என்பது பொதுவான மதிப்பீடு; அதற்கும் பத்தாண்டுக்கு மேல் ஆகும். இழுவலையில் மூச்சுமுட்டிச் சாகும் ஒரு தாய் ஆமையை ஈடுகட்ட பல கூடுகள் பொரிய வேண்டும். வலையின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் ஆமை விலக்குக் கம்பிச் சட்டமும், விசைப்படகு 5 கடல் மைலுக்குள் வராமல் இருப்பதும் ஆமைக்குப் பொரிப்பகத்தைவிட அதிகம் செய்யும்.

அலை அரிக்கிறது என்று பாறாங்கல் கொட்டிய கரைகளில் ஆமை ஏறித் திரும்பிய தடம் கிடைக்கும். கல்லுக்குப் பின்னால் வீடு இருக்கிறது, கொட்டியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கல் போட்ட இடத்துக்குப் பக்கத்து மணல் அடுத்து அரிக்கும். அங்கேயும் கல் வரும். மிச்சமிருக்கும் மணல்கரைகள் எவை என்று இப்போதே குறித்து வைக்க வேண்டும்.

நாள் 5: சின்னமுட்டம், குளச்சல்

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலடியில் கிடக்கும் மேடுதான் வெட்ஜ் பேங்க். 1976-இல் இலங்கையோடு செய்த உடன்பாட்டில் அதன் மீதான உரிமை இந்தியாவுக்கு உறுதியானது. அங்கும் கரையோரத்திலும் உள்ள பாறைத் திட்டுகளைக் கடற்கரையினர் ‘பார்’ என்பார்கள். மலை முகட்டையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேராக வைத்து ‘கணியம்’ பார்த்து, கருவி இல்லாமல் பாரின் மேல் நிற்பார்கள். இழுவலை பாரில் மாட்டிக் கிழியும் என்பதால் ஒரு காலத்தில் பார் தன்னைத் தானே காத்துக்கொண்டது.

ஏலக்கூடத்தில் ஒரு பக்கம் சாளை, இன்னொரு பக்கம் ஆழ்கடலிலிருந்து வந்த சுறா. இரண்டையும் ஒரே விதியால் காக்க முடியாது. சாளை ஏறத்தாழ ஓராண்டில் முதிரும், இரண்டரை ஆண்டு வாழும், பல்லாயிரம் முட்டையிடும். அதனால் ஒரேயடியாகச் சரியும், ஒரேயடியாக எழும். கேரளக் கரையில் 2012-இல் 3.9 லட்சம் டன் பிடிபட்டது 2021-இல் 3,297 டன்னாக விழுந்தது. அடுத்த சில ஆண்டிலேயே லட்சம் டன்னைத் தாண்டியது. கடலின் சூடும் உணவும் கெட்டுப்போன ஆண்டுகளில் குஞ்சையும் அள்ளியதால் சரிவு அவ்வளவு ஆழமாயிற்று. நீண்ட வால் சுறாவோ ஓர் ஈற்றில் இரண்டு குட்டி போடும். முதிரவே பல ஆண்டு ஆகும். அது ஒருமுறை சரிந்தால் நம் தலைமுறைக்குள் எழாது. சாளைக்கு வலைக்கண்ணி அளவும் தடைக்காலமும் போதும். சுறாவுக்குப் பிடிக்கும் எண்ணிக்கையிலேயே கட்டுப்பாடு வேண்டும்.

கண்ணியைப் பார்க்கும்போது வடிவத்தையும் பாருங்கள். வைர வடிவக் கண்ணி இழுக்கும்போது நெருங்கி மூடிக்கொள்ளும். அளவு சட்டப்படி இருந்தாலும் குஞ்சு தப்பாது. சதுரக் கண்ணி இழுவையிலும் திறந்தே நிற்கும். சாளைக் கூடையில் குஞ்சு எவ்வளவு என்று அறிய மேலாக இருப்பதை எடுக்காதீர்கள். பெரியது மேலே வைப்பது வழக்கம். கையை அடிவரை விட்டு ஐம்பது மீன் எடுத்து, வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை அளவுகோலில் வையுங்கள். ஏறத்தாழ 15 சென்டிமீட்டருக்குக் குறைந்தவை பாதிக்கு மேல் என்றால் அந்தக் கூடையில் இருப்பது இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத மீன்.

விசைப்படகுத் தடைக்காலம் இந்த மாவட்டத்தில் இரண்டு. கிழக்குக் கடல் கணக்கில் வரும் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடல் கணக்கில் வரும் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். மேற்கில் தென்மேற்குப் பருவக்காற்று அடிநீரின் சத்தை மேலே கொண்டுவந்து சாளை முட்டையிடும் வேளையில் படகு நிற்கிறது. மீனுக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது என்பதால், ஒரு கரை மூடியிருக்கும்போது மறு கரைப் படகு அதே பாரில் இறங்கலாம். இரண்டு கரையும் சேர்ந்து அடைந்திருப்பது ஜூன் 1 முதல் 14 வரை மட்டும். அந்தப் பதினான்கு நாளை நீட்டுவது பற்றி இரு துறைமுகத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசலாம்.

அந்த ஜூன் 1 காலையில்தான் மேலே பேச்சிப்பாறையில் ஷட்டரும் எழும். தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, தேரூர்க் குளத்தின் வெடித்த சேற்றை அடைய நாள் பிடிக்கும். நத்தை அங்கே காத்துக் கிடக்கும்.